மூன்றாம் நாள் நிறுத்திய மருந்து

அன்புள்ள மகன் கார்த்திக்கு, வேங்கிக்காலில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு உன் சித்தப்பா எழுதும் கடிதம்.

இத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை உன் வீட்டுக்கு வந்தபோது யாழினி பாப்பா இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் "இது தொண்டை" என்றேன். "நாளைக்கு ஜொரம் வரும்" என்றேன், வந்தது. "ஜொரம் விட்ட அன்னைக்கே நீ மருந்தை நிறுத்துவே" என்றேன், நிறுத்தினாய். "நிறுத்தினா திரும்பி வரும்" என்றேன், வந்துவிட்டது. நான்கு சொன்னேன், நான்கும் பலித்தது. உன் சித்தி மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. "நீங்க இதுவரைக்கும் சொன்னது நானூறு இருக்கும். பலிச்ச நாலை மட்டும் எடுத்து வெச்சுக்கறீங்க" என்கிறாள். அவள் கிடக்கட்டும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் செய்தால் ஆபீசில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். என் குரல் கோழி கொத்துவது மாதிரி வருகிறது என்று பாப்பாவே சிரித்தாள். அதனால்தான் கடையில் இருந்த பழைய பில் புத்தகத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்தைக் குறைவாக எடை போடாதே. நான் எட்டாவது வரைதான் படித்தவன் என்றாலும் அந்த எட்டாவதை இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாவது படித்த அறிவு இருக்கிறது. சாமியானாவும் சேரும் வாடகைக்கு விடுகிறவன்தானே என்று நினைக்க வேண்டாம். கொடியேற்றத்துக்கு என் சேரில் உட்கார்ந்து எழுந்த பெரிய அதிகாரி ஒருவர், "இந்த சேர்ல மட்டும்தாங்க எனக்கு முதுகு வலிக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போன பிறகு உனக்குத் தகப்பன் என்று இருப்பது நான் ஒருவன்தான். அந்த உரிமையில்தான் கோபப்படுகிறேன். உன் மேல் எனக்கு இப்போது இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஜொரம் வந்த முதல் நாள் பகலில் நடந்ததை நீ பார்க்கவில்லை. மருமகள் நிவேதா பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடத்த வேண்டும், லீவு கிடையாது. உனக்கு ஆபீசில் ஏதோ மீட்டிங். குழந்தையை என் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு பேரும் போய்விட்டீர்கள். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். "நூறு. அதுக்கு மேல ஒரு புள்ளி ஜாஸ்தி இருக்காது" என்று நிவேதாவுக்குப் போனில் சொன்னேன். என் கைக்கு அளவு தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். வேர்த்தால் ஜொரம் இறங்கும் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். பாப்பா முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. உதடு காய்ந்து வெடித்துவிட்டது. கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு எச்சிலை அதில் வழியவிட்டுக்கொண்டே இருந்தாள். "முழுங்கிடும்மா" என்றேன். "முழுங்கினா முள்ளு குத்துது தாத்தா" என்றாள். அதைச் சொல்வதற்கே கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குச் சித்தி கஞ்சியோடு வந்தாள். அறைக்குள் நுழைந்ததும், "ஏங்க, குழந்தைய இட்லி குண்டான்ல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்களே" என்று போர்வை இரண்டையும் உருவி எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்தாள். நூற்று மூன்று. "நூறுன்னு சொன்னீங்க?" என்று அதை என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். "சேர் தூக்கித் தூக்கி கை காப்புக் காய்ச்சிப் போச்சு. உணர்ச்சி கம்மி" என்றேன். அது சமாளிப்பு. தப்பு என்னுடையதுதான். ஜொரத்தில் கிடக்கிற குழந்தையைப் போர்த்தி மூடக் கூடாது. லேசான துணி போட்டு, காற்று வரவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கை, கால், கழுத்து எல்லாம் துடைத்துவிட வேண்டும் என்பதை இந்த வயதில் உன் சித்தியிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்குக் குழந்தை வயிற்றுக்குள் தண்ணீரும் கஞ்சியும் இறங்கியது என்றால் அது என்னால்தான். இதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது, சித்தியையே கேள். கரண்டியைக் கிட்டே கொண்டு போனாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் போனை எடுத்துக் காதில் வைத்து, "அலோ, யாழினி கல்யாண மண்டபமா? சேர் எத்தனை வேணுங்க மேடம்?" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். பத்து விரலையும் காட்டினாள். ஒரு கரண்டி ஒரு சேர். வாய்தான் சேர் ஏற்றி வரும் குட்டி யானை வண்டி, வயிறுதான் மண்டபம். "வண்டி வருது, கேட்டைத் தொறங்க" என்றால் வாயைத் திறப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவாள். பத்து சேர் இறங்கியதும், "விஐபிக்கு சோபா போட மறந்துட்டோமே மேடம்" என்றேன். அதற்கு ஒரு டம்ளர் இளநீர் போயிற்று. நான்கு மணிக்கு நிவேதா வந்து குழந்தையின் ஈர உதட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சாயந்திரம் டாக்டரம்மாவிடம் நீயும்தானே இருந்தாய். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்கள். "பௌர்ணமி அன்னைக்கு கிரிவலப் பாதையில குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாங்க டாக்டர், அதான்" என்று நான் காரணத்தை எடுத்துக் கொடுத்தேன். "ஐஸால இல்லீங்க ஐயா. ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா சீழ் வெச்சிருக்கு. இது கிருமி. ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்ற குழந்தைகிட்டருந்துகூட வந்திருக்கும்" என்றார்கள். பிறகு மருந்தை எழுதி, உன்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்கள். "பத்து நாள். மூணாம் நாளே ஜொரம் விட்டுடும், ஓடி ஆடி விளையாடுவா. அப்பதான் நீங்க ஏமாறக் கூடாது. நடுவுல நிறுத்தினா திரும்பி வரும். சில குழந்தைங்களுக்கு மூட்டுக்கும் இதயத்துக்கும் போய் உக்காந்துக்கும்." நீ தலையை ஆட்டினாய். ஆட்டிய தலையைத்தான் இப்போது குட்ட வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் ஜொரம் விட்டது. பாப்பா சைக்கிள் ஓட்டினாள். "நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்கு சூடு மருந்து, வயித்தைப் புண்ணாக்கிடும்" என்று நீ பாட்டிலை மூடி வைத்துவிட்டாய். எம்.எஸ்சி. படித்தவன். தாலுகா ஆபீசில் உட்கார்ந்து, பட்டாவுக்கு அலைகிற விவசாயி பத்து பேப்பரில் ஒன்று கொண்டுவரவில்லை என்றால் "போய் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவன். ஒரு பேப்பர் கம்மியானால் அவனுடைய நிலம் அவனுடையது இல்லை. ஏழு நாள் மருந்து கம்மியானால் மட்டும் குழந்தை உடம்பு சரியாகிவிடுமா? இதை நினைத்து நினைத்து இரண்டு நாளாகக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு வளைகாப்பு வீட்டுக்கு நூறு சேருக்குப் பதில் நூறு அண்டாவை ஏற்றி அனுப்பிவிட்டேன். சரி, நூறு இல்லை. மூன்று.

அடுத்த வாரமே ஜொரம் திரும்பி வந்தது. முன்பைவிட ஜாஸ்தி. நிவேதா தனியாகவே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர்கள் திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று புது பாட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த பாட்டில் சீல்கூட உடைக்காமல் இருக்கிறது. ஏனென்றால் நீ வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டாய். மருந்து கொடுத்தும் திரும்பி வருகிறது என்றால் இது தொக்கம் என்கிறாய். சாப்பிட்டது ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கிறது, அடி அண்ணாமலைக்குக் கொண்டு போய் வயிற்றை நீவி, தொண்டைக்குக் கொண்டுவந்து, வாந்தி எடுக்க வைத்து வெளியே எடுத்தால்தான் தீரும், அதுவரைக்கும் மருந்தை உள்ளே விட்டால் அது அமுங்கிவிடும் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாய். இன்றைக்கு வெள்ளி. குழந்தைக்கு எச்சில் இறங்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறாய்.

நேற்று உன் வீட்டுக்குப் போய் நிவேதாவிடம் கத்தினேன். "அவன் சொன்னா நீ ஒத்துக்குவியா? பாட்டிலைத் தொறந்து ஊத்தவேண்டியதுதானே? நீயும் டீச்சர்தானே?" என்றேன். அவள் குழந்தையின் கழுத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே, "நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன் மாமா. 'நானே அப்படித்தான் பொழைச்சேன், சித்தப்பா கண்ணால பாத்திருக்காரு'ன்னு ஒரே வார்த்தைல வாயை மூடிடறாரு. நீங்க பாத்தேன்னு சொல்றப்ப நான் என்னத்தப் பேசறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் பச்சையம்மாளிடம் போனேன். அவளுடைய அம்மாவிடம்தான் உன்னை உன் நான்கு வயதில் கொண்டு போனோம். அந்தக் கிழவி போன பிறகு மகள்தான் தொக்கம் எடுக்கிறாள். வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க, இப்பத்தான் உங்க பையன் போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வரேன்னாரு. ஜொரமெல்லாம் விட்டுடுச்சாமே" என்றாள். அவளிடம் நீ பொய் சொல்லியிருக்கிறாய். "விடலம்மா. நூத்தி மூணு அடிக்குது. தொண்டையெல்லாம் சீழ்" என்றேன். மிளகாயை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "அப்ப கூட்டிட்டு வரவேணாம்னு சொல்லிடுங்க. ஜொரத்தோட வர குழந்தைய நான் தொடறதில்ல. எங்கம்மாவும் கடைசி வரைக்கும் தொடல. உங்க பையனுக்குச் சின்ன வயசுல எடுத்த அன்னையோட அதை விட்டுட்டா. ஏன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போதே உனக்குப் போன் செய்தேன். பச்சையம்மா மாட்டேன் என்கிறாள், கொண்டு போகாதே என்றேன். "அவங்க இல்லாட்டி போளூர் பக்கம் ஒருத்தர் இருக்காரு சித்தப்பா, விசாரிச்சுட்டேன்" என்றாய். "டேய், வேணாம்டா. அது சரிப்படாது. நான் சொல்றேன்" என்றேன். "நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? என் ரிசப்ஷன்ல மைக்கப் புடிச்சு சொன்னீங்க. இப்ப வந்து வெளையாடாதீங்க சித்தப்பா" என்று வைத்துவிட்டாய். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாக நான் கூட்டியும் பெருக்கியும் சொன்னதையெல்லாம் நீ நம்பினாய். மலை உச்சி தீபத்துக்கு நெய் கொப்பரையை ஒற்றை ஆளாகச் சுமந்தேன் என்றதை நம்பினாய். வெளிநாட்டுச் சாமியாருக்கு நான்தான் தமிழ் கற்றுக்கொடுத்தேன் என்றதை நம்பினாய். இன்றைக்கு முதல் முறையாக ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னால், விளையாடுகிறேன் என்கிறாய். கோபம் உன் மேல் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆறு பில் தாள் எழுதியபிறகு அது யார் மேல் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

உன் ரிசப்ஷனில் நான் சொன்னது இதுதான். உனக்கு நான்கு வயது. ஐந்து நாள் ஜொரம். சோறு தண்ணீர் இறங்கவில்லை. உன் அப்பா சைக்கிளில் உட்கார வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கொண்டு போனோம். கிழவி உன் வயிற்றை நீவினாள். நான் உன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ குமட்டினாய். பித்தளைத் தட்டில் டங் என்று ஒரு புளியங்கொட்டை விழுந்தது. உடனே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாய். மண்டபமே கைதட்டியது. உன் நண்பர்கள் உன்னைப் புளியங்கொட்டை என்றே கூப்பிட்டார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சைக்கிள் உண்மை. கிழவி உண்மை. நான் காலைப் பிடித்தது உண்மை. உன் அம்மா முதல் நாளிலிருந்தே பெரியாஸ்பத்திரி என்றாள். நான்தான் "அண்ணி, இது தொக்கம். எனக்குத் தெரியாததா?" என்று நான்கு நாள் அவளைத் தடுத்தேன். அண்ணன் என் பேச்சைக் கேட்டான். ஐந்தாம் நாள் கிழவியிடம் கொண்டு போனபோது அவளும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள். வீங்கிய தொண்டையோடு கிழவி உன்னைக் குமட்ட வைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை உன் கால் என் கைக்குள் தொளதொள என்று ஆகிவிட்டது. கண் மேலே போய்விட்டது. கிழவி கையை எடுத்துவிட்டு, "தூக்கிட்டு ஓடுங்க" என்று கத்தினாள். உன் அம்மா என் கையிலிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த லாரியை மறித்து ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாள் தவறாமல் ஊசி போட்டார்கள். நீ இட்லி கேட்டதும் உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில், சேர்த்த ஆறாம் நாள். அதற்குப் பிறகும் மீதி மருந்தை வேளை தவறாமல் கொடுத்து முடித்தது உன் அம்மா. நீ பிழைத்தது அவளால்.

நீ வீடு வந்த வாரம், டீக்கடையில் நான்கு பேர் "இன்னாப்பா, தொக்கம் எடுத்தீங்களாமே, இன்னா வந்துச்சு?" என்று கேட்டார்கள். என் பேச்சைக் கேட்டு ஒரு குழந்தை சாகப் பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்று வந்தது. உன் அம்மா காதுக்கும் அது போயிற்று. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தக் கதையை விட்டுடுங்க கொழுந்தனாரே. யாராவது நம்பிடப் போறாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் சிரித்தேன். விடவில்லை.

இந்தத் தாள்களை உன் கேட்டில் தொங்குகிற பால் பையில் போட்டுவிட்டுப் போகிறேன். பாக்கெட் எடுக்க வரும்போது நீயே படிப்பாய், அல்லது நிவேதா படித்துவிட்டு உனக்குக் கொடுப்பாள். யார் முதலில் படித்தாலும் முதல் வேலை அந்த சீலை உடைப்பது. என்னைத் திட்ட வேண்டுமானால் பிறகு நேரம் இருக்கிறது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் திட்டு. சாட்சிக்குப் பச்சையம்மா இருக்கிறாள். என்னை நம்பாவிட்டால் அவளைக் கேள்.

புளியங்கொட்டை நான் போட்டது, கார்த்தி. அன்றைக்கு அந்தத் தட்டில் உன் எச்சிலைத் தவிர எதுவும் விழவில்லை.